அரண் அமைத்து ஊர் பெருக்கும் ஆட்டம்

நம் தீவுத் தமிழர் இல்லங்களில் பிள்ளைகள் கணினி முன் அமர்ந்து ஆடும் ஆட்டங்களைப் பெற்றோர் பலர் ஒரே தட்டில் வைத்து, சுடுவதும் வெட்டுவதுந்தானே என்று ஒதுக்கிவிடுகின்றனர். அவற்றுள் சுடுதலைக் காட்டிலும் வரவு செலவுக் கணக்கே மிகுந்த ஓர் இனம் உண்டு. 'ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி' என வழங்கும் அதனை நிகழ்நேர வியூக ஆட்டம் எனலாம். சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இதிலோ இருவரும் ஒரே வேளையில் ஆடுகின்றனர். கடிகாரம் எவருக்காகவும் நிற்பதில்லை. இவ்வாட்டத்தின் தொடக்க நிமிடங்களில் கையாளப்படும் ஒரு முறையை மட்டும் இங்கே காண்போம். படை திரட்டுமுன்பே இரண்டாம் ஊரை எழுப்பி, அதனைச் சிறு அரண் ஒன்றால் காத்துக்கொள்ளும் முறை அது.

ஆட்டம் தொடங்கும்போது கையில் இருப்பவை ஒரு தலைமை மண்டபமும் சில தொழிலாளருமே. தொழிலாளர் கனிமமோ மரமோ கொணர்ந்து சேர்ப்பர். அவ்வருவாயைக் கொண்டே மேலும் தொழிலாளர், பின்னர் கட்டடங்கள், பின்னர் படை. வந்ததை எதில் இடுவது என்பதே கேள்வி. உடனே படை திரட்டிப் பகைவன் வலுப்பெறுமுன் தாக்கலாம். வீட்டைச் சுற்றிக் காவல் வைத்துக் காத்திருக்கலாம். அல்லது காவலே இன்றி அடுத்த சுரங்கத்தருகே மற்றொரு மண்டபம் எழுப்பி வருவாயைப் பெருக்கலாம். காவலற்றுக் குடியேறியவனை விரைந்து தாக்குவோன் அழிப்பான். காவல் வைத்தவனிடம் அவன் தோற்பான். ஆனால் காவலுக்கே பொருளையெல்லாம் கொட்டியவனோ, அதற்குள் இரண்டு ஊர் கண்டவனிடம் தோற்பான். நாம் காணவிருக்கும் முறை, காவலையும் குடியேற்றத்தையும் ஒரு கையில் பிடிக்க முயல்வது.

இம்முறை நன்கு விளங்குவது ஸ்டார்கிராஃப்ட் என்னும் ஆட்டத்தில். அமெரிக்க நிறுவனமான பிளிஸார்ட் 1998இல் வெளியிட்ட இதனையும், அதன் தொடர்ச்சியாகிய 'புரூட் வார்' பகுதியையும் தென்கொரிய மக்கள் கிரிக்கெட்டை நாம் போற்றுவதுபோல் போற்றினர். தொலைக்காட்சியில் போட்டிகள் ஒளிபரப்பாயின. அதில் புரோட்டாஸ், ஸெர்க் என்ற இரு இனங்கள் மோதும்போது, புரோட்டாஸ் தரப்பு சொந்த ஊரைவிட்டு வெளியே வந்து, அடுத்த சுரங்கத்தின் வாயிலில் பைலான் என்னும் தூணை நடுகிறது. அதற்குக் கனிமம் 100. அருகே ஃபோர்ஜ் என்னும் உலைக்கூடம், அதற்கு 150. உலைக்கூடம் இருந்தால்தான் ஃபோட்டான் கேனன் என்னும் பீரங்கியைக் கட்டலாம்; ஒவ்வொன்றுக்கும் 150. புதிய மண்டபத்துக்கு 400.

எதிரியின் சிறு படைவீரராகிய ஸெர்க்லிங் இருவருக்கு ஆகும் செலவு 50தான். உலைக்கூடமும் இரண்டு பீரங்கிகளும் சேர்ந்து 450 ஆகின்றன. அப்பொருளில் எதிரி பதினெண்மரைத் திரட்டிவிடுவான்! ஆகவே பீரங்கி மட்டும் போதாது. கட்டடங்களையே மதிலாக்க வேண்டும். உலைக்கூடத்தையும் படைக்கூடத்தையும் வாயிலின் குறுக்கே நிறுத்தி, ஓரிருவர் நுழையும் இடுக்கு மட்டும் விட்டால், பதினெண்மரும் ஒருவர் பின் ஒருவராகவே பீரங்கியின் முன் வந்தாக வேண்டும். ஆடுபுலி ஆட்டம் அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. புலி ஆட்டைத் தாண்ட வேண்டுமானால் அடுத்த கட்டம் வெறுமையாக இருத்தல் வேண்டும். பதினைந்து ஆடுகளை வைத்து மூன்று புலிகளை மடக்குபவர் புலியோடு போரிடுவதில்லை. அது தாவும் இடத்தை அடைத்துவிடுகிறார்.

எத்தனை பீரங்கி வேண்டும் என்பதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒரு பீரங்கி மிகுந்தால் மூன்று தொழிலாளர் குறைந்தனர் என்று பொருள். ஒன்று குறைந்தால் ஊரே போகும். இதனை அளந்து சொல்வது, தொடக்கத்திலேயே எதிரியின் ஊருக்கு அனுப்பப்படும் ஒற்றன். ஒற்றன் வேறு யாருமல்லன். சுரங்க வேலையிலிருந்து பிரித்தனுப்பிய ஒரு தொழிலாளிதான். எதிரி விரைந்து படை எடுக்கிறான் என்று அவன் கண்டால் பீரங்கி முதலில், மண்டபம் பிறகு. எதிரியும் ஊர் பெருக்குகிறான் என்றால் மண்டபம் முதலில். பொருட்பாலில் வள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். இங்கே இரண்டும் ஒரே நிமிடத்தில் கைகோக்கின்றன.

அரணைவிடச் செய்தியே பெரிது என்பதற்கு நம் தீவின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1858 மார்ச்சில் வாக்கர் என்னும் ஆங்கில அதிகாரி இருநூறு கைதிகளுடன் இங்கு வந்திறங்கினார். முதலில் சாத்தம் தீவில் காடு திருத்தினர்; தண்ணீர் போதாமையால் ராஸ் தீவுக்குத் தலைமையிடத்தை மாற்றினர். கடலே அகழியாக அமைந்த அச்சிறு தீவை நிலையாகக் கொண்டு, எதிர்க்கரையில் அபர்தீன் முதலிய இடங்களில் குடியேற்றத்தைப் பரப்பினர். 1859 மே மாதத்தில், தம் மண் பறிபோவதைக் கண்ட அந்தமானியப் பழங்குடியினர் அபர்தீனைத் தாக்கினர். அவர்களோடு ஓராண்டளவு வாழ்ந்து மீண்ட தூத்நாத் திவாரி என்னும் கைதி முன்கூட்டியே செய்தி சொல்லிவிட்டமையால் குடியேற்றம் பிழைத்தது. வில்லும் அம்பும் ஏந்தி வந்தோர் மாண்டனர். அது விளையாட்டன்று, அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் நெஞ்சு கனக்கும். திவாரியின் செய்தி வாராதிருந்தால் கடல் அகழி அபர்தீனைக் காத்திராது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

மீண்டும் கொரியாவுக்கு வருவோம். மேற்கண்ட முறையைப் புகழ்பெறச் செய்தவர்களுள் காங் மின் முன்னோடி. அதனை முழுமையாக்கியவர் 'பிசு' என்ற பெயரில் ஆடிய கிம் டேக்-யோங். 2007 மார்ச் 3ஆம் நாள் நடந்த எம்.எஸ்.எல். இறுதிப் போட்டியில், அக்காலத்தில் எவராலும் அசைக்க முடியாதவராகக் கருதப்பட்ட மா ஜே-யூனை, பதினேழே வயதான அவர் எதிர்த்தார். மூன்றுக்குச் சுழி என்ற கணக்கில் வென்றார். அவர் பெயரால் வழங்கும் முறையின் நுட்பம், அரணுக்குப் பின் நடப்பதில் இருக்கிறது. ஸெர்க் இனத்தின் ஓவர்லார்ட் என்னும் பறக்கும் உயிர்கள் கண்ணுக்குப் புலப்படாதவரைக் காணும் ஆற்றல் உடையவை. பெருகிய வருவாயால் விமானங்கள் செய்து அவற்றை வேட்டையாடிவிட்டுப் பின்னர்ப் புலப்படாத வாள்வீரரை அனுப்புவது அம்முறை. தோற்ற மா ஜே-யூன் பிற்காலத்தில் சூதாட்டத்துக்காக ஆட்டத்தை விற்ற குற்றத்தில் சிக்கி, 2010இல் வாழ்நாள் தடை பெற்றார். ஆட்டம் வேறு, பணயம் வேறு. நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் மின்விளையாட்டை ஏற்று, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது.

இம்முறைக்குக் குறையும் உண்டு. பீரங்கி நகராது. அதற்கு ஆற்றல் தரும் தூணை எதிரி உடைத்தால் பீரங்கி வெறும் கல்லாகும். மதிலுக்குள்ளேயே இன்பமாக இருந்துவிட்டால், எதிரி மூன்றாம் ஊரையும் நான்காம் ஊரையும் பற்றிக்கொள்வான். அப்போது இரண்டாம் ஊரின் வருவாய் எதற்கும் பற்றாது.

நம்மவர்க்கு நெருக்கமான மற்றோர் ஆட்டம் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 2022 ஏப்ரலில் வெளியான அதன் இந்தியப் பகுதியில் திராவிடர் என்ற தரப்பும், இராசேந்திர சோழரின் படையெடுப்புக் கதையும் இடம்பெற்றன. 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைப் பாடும் அம்மன்னரின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்படுவது நம் நிக்கோபாரே. இவ்வாட்டத்தில் மூன்றாம் யுகத்தை அடைந்த பின்னரே இரண்டாம் ஊர் மண்டபம் எழுப்ப இயலும். அதுவரை மரவேலியாலும் வீடுகளாலும் எல்லையை அடைத்துக் காக்க வேண்டியிருப்பதால், காவலின் காலம் ஸ்டார்கிராஃப்டைவிட நீளுகிறது.

இவற்றைத் தீவிலிருந்து பிறருடன் இணையத்தில் ஆடுவது நெடுங்காலம் தொல்லையாகவே இருந்தது. செயற்கைக்கோள் நிலத்துக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. சொல் போய் மறுசொல் வர அரை நொடி கடந்துவிடும். வீரரை நொடிக்கு நொடி நகர்த்திப் போரிடுவோர்க்கு அது பெருங்கேடு. முன்னரே கட்டி வைத்த பீரங்கியை நம்புவோர்க்கு அவ்வளவு கேடில்லை என்பது என் எண்ணம். 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி, அப்போது போர்ட் பிளேர் என்றும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கும் நம் நகருக்கும் ஹட்பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா முதலிய தீவுகளுக்கும் திறந்துவைக்கப்பட்டது. ஆட்டத்தில் தோற்ற பிள்ளைகள் இனிச் செயற்கைக்கோள்மேல் பழிபோட இயலாது.