முதல் தொலைநோக்கி: வாங்கும் முன் அறிய வேண்டியவை

சனிக்கோளின் வளையங்களைப் பற்றிப் பாடநூலில் படித்த குழந்தை, ‘எனக்கொரு தொலைநோக்கி வேண்டும்’ என்று கேட்கிறது. பெற்றோரும் மகிழ்ந்து வாங்கித் தருகின்றனர். பெட்டியின் மேல் வண்ண விண்முகில்களின் படங்கள். ‘500 மடங்கு பெரிதாகக் காட்டும்’ என்ற வாசகம். ஆனால் முதல் இரவில், ஆடிக்கொண்டிருக்கும் முக்காலியின் மேல், கலங்கிய ஒளிப்புள்ளி ஒன்றே தெரிகிறது. ஓரிரு மாதங்களில் கருவி பரணுக்குப் போய்விடுகிறது. வீணானது பணம் மட்டுமன்று. ‘வானியல் எனக்கு வராது’ என்று குழந்தை எண்ணிவிடுகிறதே, அதுவே பெரிய இழப்பு.

தொலைநோக்கியின் ஆற்றல் அதன் உருப்பெருக்கத்தில் இல்லை; ஒளியைத் திரட்டும் வில்லை அல்லது ஆடியின் விட்டத்தில் இருக்கிறது. விட்டம் இரு மடங்கானால் திரளும் ஒளி நான்கு மடங்காகும். உருப்பெருக்கத்தை நாமே கணக்கிடலாம். கருவியின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும், 700 மி.மீ. கருவியில் 10 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 70 மடங்கு. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே பயன்தரும் எல்லை. 70 மி.மீ. விட்டமுள்ள கருவியில் 140 மடங்கைத் தாண்டினால் மங்கல்தான் பெரிதாகும். கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு பெரிதாக்கிய கருவியால்தான்.

தொடக்கநிலையினருக்கு இரு வகைகள் ஏற்றவை. நிலவையும் கோள்களையும் காண 70 முதல் 90 மி.மீ. வரையிலான வில்லைத் தொலைநோக்கி போதும். மங்கலான விண்முகில்களையும் காண விரும்புவோர், 130 அல்லது 150 மி.மீ. ஆடி கொண்ட டாப்சோனியன் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். எதுவாயினும் தாங்கி உறுதியாக இருத்தல் இன்றியமையாதது. கடையிலேயே குழாயை மெல்லத் தட்டிப் பாருங்கள். அதிர்வு ஓரிரு நொடிகளில் அடங்க வேண்டும்.

அவசரமும் வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாட்டின் பெரும்பகுதியில் மேகம் சூழ்ந்திருக்கும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தை மாதத்தில் வானம் தெளியும். ஆடியில் தொடங்கும் ஆறு மாதத் தொடர் வைப்பு தையில் முதிர்வடையும். அதற்குள், மேகம் விலகும் இரவுகளில் வெறுங்கண்ணால் விண்மீன்களைப் பழகலாம். கார்த்திகைக் கூட்டத்தையும் செந்நிறத் திருவாதிரையையும் அடையாளம் காணத் தெரிந்தவருக்கே தொலைநோக்கியை எங்கே திருப்புவது என்பது விளங்கும். 10 மடங்கு பெரிதாக்கும் 50 மி.மீ. பைனாகுலர் ஒன்று கிடைத்தால், நகரின் ஒளி எட்டாத ஊரில், 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தையும் காணலாம். கோளரங்கங்களும் வானியல் ஆர்வலர் சங்கங்களும் நடத்தும் வான்நோக்கு நிகழ்ச்சிகளில் பலவகைக் கருவிகளின் வழியே பார்த்துவிட்டு முடிவு செய்வது சாலச் சிறந்தது.

கருவி வந்த பின் முதலில் நிலவைப் பாருங்கள். முழுநிலவைவிட வளர்பிறையின் அரைநிலவே நன்று; நிழல் நீண்டு விழுவதால் பள்ளங்களும் மலைகளும் எடுப்பாகத் தெரியும். விண்முகில்கள் படங்களில் உள்ளதுபோல் வண்ணமாகத் தோன்றா. சாம்பல் நிறப் படலமாகவே தெரியும் என்பதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உரிய வடிகட்டியைக் குழாயின் முன்வாயில் பொருத்தாமல் கதிரவனை ஒருபோதும் நோக்கலாகாது. கணப்பொழுதில் பார்வை பறிபோகும். கருவியை ஈரமின்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி வையுங்கள். இல்லையேல் வில்லையில் பூஞ்சை படரும்.

பெட்டியின் மேலிருந்த படங்களைப் போல் எதுவும் தெரியப்போவதில்லை. ஆயினும், சிறியதொரு வட்டத்தைச் சுற்றி மெல்லிய வளையம் நிற்பதைத் தன் கண்ணாலேயே கண்ட குழந்தை, பாடநூலில் படித்தது உண்மைதான் என்று அறிந்துகொள்ளும். அந்தக் கருவி பரணுக்குப் போகாது.