அங்கதமும் அதன் பார்வையாளரும்: ஜோனி ஸ்பெயிற்றின் தொலைக்காட்சி நாடகங்கள் பற்றிய ஒரு குறிப்பு

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவது தொல்காப்பியச் செய்யுளியல் மரபு. முன்னையது வெளிப்படையாக வசை கூறுவது. பின்னையது வசையை மறைத்துக் கூறுவது. மறைந்துள்ள பழியைக் கண்டுகொள்ளும் பொறுப்பு கேட்போனையே சாரும். அவன் காண மறுத்தால் நேர்வது யாது? வெகுசனத் தொடர்பு சாதனங்களின் காலத்தில் இவ்வினா அரசியல் வினாவாகவும் ஆகிவிடுகின்றது. ஆங்கிலத் தொலைக்காட்சி எழுத்தாளர் ஜோனி ஸ்பெயிற்றின் (1920-1998) படைப்புகளை முன்வைத்து இதனை நோக்குவோம்.

கிழக்கு இலண்டனில் துறைமுகத் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த கனிங் ரவுணில், ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றிலே ஸ்பெயிற் பிறந்தார். பதினான்கு வயதிற் பள்ளியை விட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்தார். ஜாஸ் இசைக்குழுக்களில் முரசு வாசித்தார். பேர்னாட் ஷாவின் நூல்களே அவரை எழுத்தின்பால் ஈர்த்தன. 1950களின் நடுப்பகுதியிலிருந்து வானொலி, தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு எழுதத் தொடங்கிய அவர், ஆர்தர் ஹெயின்ஸ் என்ற நடிகருக்காகப் படைத்த நாடோடிப் பாத்திரத்தால் அறியப்பட்டார். உடைமையற்ற அந்நாடோடி உயர்ந்தோரை வாயடைக்கச் செய்பவன். அங்கே அங்கதம் மேல்நோக்கிப் பாய்ந்தது. யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

பி.பி.சி.யில் 1965இல் தனி நாடகமாக வெளிவந்து, 1966 முதல் தொடராக ஒளிபரப்பான ‘ரில் டெத் அஸ் டூ பார்ட்’ இதனினும் சிக்கலானது. இதன் தலைப்பு, சாவு பிரிக்கும் வரை சேர்ந்து வாழ்வோம் என்னும் திருமண உறுதிமொழியிலிருந்து பெறப்பட்டது. துறைமுகத்தை அடுத்த வாப்பிங் பகுதியில் வாழும் அல்ப் கார்னற் ஏழைத் தொழிலாளி. ஆயினும் முடியாட்சியைப் போற்றுபவன், பழைமைவாதக் கட்சியின் ஆதரவாளன், குடியேறிய கறுப்பின, ஆசிய மக்களை வெறுப்பவன். சோசலிசம் பேசும் மருமகன் மைக்குடன் அவன் ஓயாது மோதுகிறான். துறைமுகத் தொழிலாளியான தம் தந்தையையே ஸ்பெயிற் இப்பாத்திரத்துக்கு ஆதாரமாகக் கொண்டார். தந்தையின் இனத்துவேஷம் அவருக்கு வருத்தமளித்த ஒன்று.

கார்னற் வெறும் கேலிச்சித்திரம் அல்லன் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். தன்னைச் சுரண்டும் அமைப்பையே தன் பெருமையாகக் கருதும் தொழிலாளி அவன். பேரரசின் செல்வத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒடுங்கிய வீடு ஒன்றே. பேரரசின் அகந்தையோ முழுமையாகக் கிடைத்தது. இம்முரண்பாட்டை உள்ளிருந்து அறிந்தவராதலின் ஸ்பெயிற்றால் அதனை உயிர்ப்புடன் தீட்ட முடிந்தது.

அது கற்பனை முரண்பாடும் அன்று. 1968 ஏப்ரல் 20ஆம் திகதி ஈனொக் பவல் பர்மிங்காமில் குடியேற்றத்துக்கு எதிராக உரையாற்றினார். மூன்று நாட்களின் பின் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் அவரை ஆதரித்துப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். கார்னற் வீதியில் இறங்கிவிட்டான் எனலாம்.

அத்தகையோர் திரையிற் கண்டது எதனை? கார்னற்றாக நடித்த வாரன் மிச்சல் யூதர், சோசலிசச் சார்புடையவர். குடியேறியோரைத் தாக்கியமைக்காகத் தம்மைப் பாராட்டியவர்களிடம், ‘நாங்கள் தாக்கியது உங்களைத்தான்’ என மறுமொழி கூற நேர்ந்ததாக அவர் சொல்வதுண்டு. இத்தொடரைத் தழுவி நோர்மன் லியர் 1971இல் அமெரிக்காவில் உருவாக்கிய ‘ஓல் இன் த ஃபமிலி’ பற்றி விட்மர், ரோக்கீச் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே உணர்த்திற்று: தப்பெண்ணம் மிக்க பார்வையாளர் அதன் நாயகன் ஆர்ச்சி பங்கரையே மெச்சினர்.

இதற்குப் பார்வையாளரின் அறியாமையை மாத்திரம் குறைகூறல் பொருந்தாது. நாடகத்தின் அமைப்பிலேயே காரணம் உளது. சுவைமிக்க வசனங்கள் யாவும் கார்னற்றுக்கே வாய்த்தன. மைக் பெரும்பாலும் வேலையின்றி மாமனார் வீட்டில் உண்பவன். அவனது சோசலிசம் கூச்சலாகவே ஒலித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இழிவுரைக்கு ஆளான மக்கள் அவ்வீட்டில் வசிப்பவர்கள் அல்லர். பெரும்பாலும் பேசப்பட்டார்களேயன்றிப் பேசவில்லை. 1969இல் ஸ்பெயிற் எழுதிய ‘கறி அண்ட் சிப்ஸ்’ தொடரில், பாகிஸ்தானியத் தொடர்புடைய தொழிலாளியாகத் தோலுக்கு நிறம் பூசி நடித்தவர் ஸ்பைக் மிலிகன். சுயேச்சைத் தொலைக்காட்சி அதிகாரசபையின் தலையீட்டால் அது ஆறு பகுதிகளுடன் நின்றது. மறுபுறம், ஒழுக்கக் காவலராகத் தம்மைக் கருதிய மேரி வைற்ஹவுஸ் போன்றோரை உறுத்தியவை கார்னற்றின் வசைச்சொற்களும் தெய்வ நிந்தனையுமே. சொல்லின் தூய்மை பேசியோர் வெறுப்பின் வேரை ஆராயவில்லை.

ஸ்பெயிற் 1985 முதல் 1992 வரை கார்னற்றை வேறொரு தொடரிலும் வாழவைத்தார். அவரது நேர்மையை நாம் ஐயுறவில்லை; தம் வர்க்கத்தின் புண்ணை மறைக்காது காட்டியமை அவரது சாதனையே. ஆனால் எழுத்தாளனின் நோக்கமும் படைப்பின் சமூகப் பயனும் ஒன்றல்ல. வெறுப்பை அதன் சொந்தக் குரலிலேயே பேசவைக்கும் அங்கதம், வெறுக்கப்பட்டோர் மறுமொழி கூறவும் இடமளித்தல் வேண்டும். அவ்விடம் இல்லாதபோது, பழி கரந்தே போய்விடுகின்றது. எஞ்சுவது வசை மட்டுமே.