கடையில் சொல்லும் பதில் இணையத்தளத்தில் இருக்கிறதா?

பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் வியாபாரம் செய்கின்ற எம்மைப் போன்றவர்களைத் தேடி அண்மைக் காலமாக ஒரு புதிய கூட்டம் வந்து போகிறது. கையில் லெப்டொப், கழுத்தில் அடையாள அட்டை. "ஹாஜியார், உங்கள் இணையத்தளத்தை கூகுளில் முதலாவது பக்கத்துக்குக் கொண்டுவந்து தருகிறோம். மாதம் இவ்வளவுதான்" என்பார்கள். எஸ்.ஈ.ஓ. என்று அதற்கொரு பெயர். தேடுபவரின் கண்ணில் எமது தளம் முதலில் படும்படி செய்வது என்பது அதன் பொருள்.

வேலை கெட்டதல்ல. ஆனால், முதலாவது இடத்தை எவராலும் உத்தரவாதப்படுத்த முடியாது என்று கூகுள் நிறுவனமே தனது வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருக்க, உத்தரவாதம் தருகிறேன் என்று வருபவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எனது தளத்தில் என்ன எழுதப் போகிறீர்கள், அதை யார் எழுதப் போகிறார்?" இக்கேள்விக்கு ஒழுங்கான பதில் சொன்னவரை நான் இன்னும் காணவில்லை.

தந்திரங்களின் காலம் ஒன்று இருந்தது உண்மைதான். ஒரே சொல்லை நூறு தடவை எழுதி வைத்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்தவர்களும் உண்டு. பெரிய கம்பனிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜேர்மன் தளம், "பாவித்த கார்" என்ற சொல்லால் நிரப்பிய பக்கங்களைத் தேடற்பொறிக்குக் காட்டிவிட்டு, வாடிக்கையாளருக்கு வேறு பக்கத்தைக் காட்டியது. 2006 பெப்ரவரியில் கூகுள் அந்தத் தளத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒழுங்குபடுத்திய பின்னர்தான் திரும்பச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெருங்கடைக்குச் சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து காசு கொடுத்து இணைப்புகள் போடப்பட்டிருந்ததை 2011இல் நியூயோர்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. முதலிடத்தில் நின்ற அந்தக் கடை பல தேடல்களில் கீழே போய்விட்டது. பி.எம்.டபிள்யூ. தாங்கிக் கொள்ளும். நாம் தாங்குவோமா?

சரி, அப்படியானால் எதைத்தான் எழுதுவது? எனது அபிப்பிராயம் இதுதான்: கடைக்கு வருகின்ற மனிதர் கேட்கும் கேள்வியையும் அதற்கு நாம் சொல்லும் பதிலையும் எழுத வேண்டும். எம்மிடம் இருப்பதும், லெப்டொப்புடன் வரும் பிள்ளைகளிடம் இல்லாததும் அந்தப் பதில்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வோட்டர் மோட்டர் விற்கும் தளங்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் உற்பத்திக் கம்பனியின் கட்டலொக்கில் உள்ளதை அப்படியே கொப்பி பண்ணிப் போட்டிருப்பார்கள். "அரை ஹோர்ஸ் பவர், அதிகூடிய உயரம் 35 மீற்றர், அதிகூடிய அளவு நிமிடத்துக்கு 40 லீற்றர்." இதே வசனம் இருபது கடைகளின் தளத்தில் இருந்தால், கூகுள் எந்தக் கடையை முன்னால் நிறுத்தும்? வேறுபடுத்த ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய விடயம், வாங்குபவருக்கு அது விளங்குவதுமில்லை. 35 மீற்றர் உயரத்துக்கு 40 லீற்றர் ஏறும் என்று நினைத்துக் கொள்கிறார். உண்மையில் 35 மீற்றரில் ஒரு சொட்டும் வராது. அது தண்ணீர் நின்றுவிடும் எல்லை. 40 லீற்றர் என்பது உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. நடுவில் உள்ளதுதான் வீட்டுக்குக் கிடைக்கும்.

இன்னொன்று. கிணற்றுக்கு மேலே வைக்கும் சாதாரண மோட்டர், தண்ணீர் 25 அடிக்குக் கீழே இருந்தால் இழுக்காது. ஹோர்ஸ் பவரைக் கூட்டினாலும் இழுக்காது. ஏனென்றால், குழாய்க்குள் தண்ணீரை மேலே தள்ளுவது வெளியிலுள்ள காற்றின் அமுக்கம். அதற்கு ஓர் எல்லை உண்டு. நாற்பது அடியில் தண்ணீர் உள்ளவர் ஒன்றில் கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டரை இறக்க வேண்டும், அல்லது தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் மோட்டர் வாங்க வேண்டும். இது தெரியாமல் வாங்கிப் போனவர் இரண்டாம் நாள் மோட்டரையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். தண்ணீரில்லாமல் ஓடி அது சூடேறிப் பழுதாகியிருக்கும். வொரண்டி கேட்பார். கம்பனி மறுக்கும். இடையில் நாம்.

இந்த விளக்கத்தை நாளொன்றுக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! அதை அப்படியே எழுதி, "உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது?" என்ற தலைப்பில் எமது தளத்தில் போடச் செய்தேன். எழுதியது எனது மகன். நான் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன், அவ்வளவுதான். புத்தளம் பக்கத்திலிருந்து ஒருவர் அழைத்து, "எங்கட கிணத்தில தண்ணி நாப்பது அடியில. உங்கட பக்கத்த வாசிச்சிட்டுத்தான் எடுக்கிறேன். மூழ்குற மோட்டர் என்ன விலை?" என்றார். பேச்சு நேராக விலையில் தொடங்கியது. கடை வைத்திருப்பவருக்கு இதன் அருமை விளங்கும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். கட்டலொக்கில் "20 மில்லிமீற்றர் பீ.வீ.சி. குழாய்" என்றிருக்கும். எமது பைப் பாஸ்மார் வாழ்நாளில் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அரை இஞ்சி பைப் என்பார்கள், முக்கால் இஞ்சி என்பார்கள். தேடும்போதும் அப்படியேதான் தேடுவார்கள். ஆகவே, பக்கத்தின் தலைப்பில் அரை இஞ்சியும் இருக்க வேண்டும், 20 மில்லிமீற்றரும் இருக்க வேண்டும். ஒரு தடவை போதும். "வோட்டர் மோட்டர்" என்று ஆங்கிலத்தில் தேடுபவரும் உண்டு, "வத்துர மோட்டர்" என்று சிங்களத்தில் தேடுபவரும் உண்டு. எமது வாடிக்கையாளரில் பெரும் பங்கு சிங்களச் சகோதரர்கள் என்றால், தளத்தில் சிங்களம் இல்லாமலிருப்பது கடையில் சிங்களம் பேசத் தெரியாத பையனை நிறுத்தி வைப்பதற்குச் சமம். மக்கள் எந்தச் சொல்லைக் கொடுத்து எமது தளத்துக்கு வந்தார்கள் என்பதை கூகுள் சேர்ச் கொன்சோல் என்ற வசதி காட்டுகிறது. அது இலவசம். மாதம் ஒருமுறை பாருங்கள். கேட்டுவந்த சொல்லுக்குப் பதில் தளத்தில் இல்லையென்றால், அடுத்து எழுத வேண்டியது எதுவென்று தெரிந்துவிடும்.

எழுதுவது பாதி வேலை. பராமரிப்பதுதான் பலருக்கு நடப்பதில்லை. 2022 மார்ச்சுக்கு முன்னர் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது நினைவிருக்கும். அந்த நாட்களில் கடைக்குள் மாற்றிய விலையைத் தளத்தில் மாற்றாமல் விட்டவர்கள் அநேகம். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் கடைக்கு, குருநாகலிலிருந்து வான் பிடித்து வந்த ஒருவர், கைத்தொலைபேசியில் பழைய விலையைக் காட்டி, அந்த விலைக்குத்தான் தரவேண்டும் என்று நின்றுவிட்டார். நூறு பேர் பார்த்திருக்க வாக்குவாதம். அவர் கேட்டதில் என்ன பிழை? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. தளத்தில் போட்ட விலையும் நாம் சொன்ன வார்த்தைதான். 2024 ஜனவரியில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக்கப்பட்டது. போட்டிருக்கும் விலை வரியுடனா, வரியில்லாமலா என்று எழுதாத தளங்களை அதற்குப் பின்னரும் காண்கிறேன்.

விலை அடிக்கடி மாறும் சாமானுக்கு விலையே போடாமல், "இன்றைய விலைக்கு அழைக்கவும்" என்று இலக்கத்தைக் கொடுப்பது மேல். போடுவதானால், எந்தத் திகதியின் விலை என்பதையும் போடுங்கள். ஒரு மொடல் நின்றுபோனால் அந்தப் பக்கத்தை அழித்துவிட வேண்டாம். பல வருடங்களாக மக்கள் வந்து பழகிய வழி அது. "இது இப்போது வருவதில்லை, இதற்குப் பதில் இது இருக்கிறது" என்று எழுதி, புதிய மொடலுக்கு இணைப்புக் கொடுங்கள். கடையில் அப்படித்தானே செய்வோம்?

இப்போது கம்பியூட்டரே கட்டுரை எழுதித் தருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு, ஓர் இரவில் ஐம்பது கட்டுரை போடுபவர்கள் வந்துவிட்டார்கள். வாசிப்பவருக்குப் பயனில்லாமல், தேடலில் மேலே வருவதற்காகவே மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை, இயந்திரம் எழுதினாலும் மனிதர் எழுதினாலும், முறைகேடாகக் கொள்வதாக கூகுள் 2024 மார்ச்சில் அறிவித்தது. வசனத்தைத் திருத்திக்கொள்ள அதைப் பாவிப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால், சென்ற மாதம் திருப்பிக் கொண்டுவந்த மோட்டர் ஏன் பழுதானது என்பது அதற்குத் தெரியாது. எமது கடைப் பையனுக்குத் தெரியும்.

செலவில்லாத இன்னொரு வேலையும் உண்டு. கூகுள் வரைபடத்தில் கடையின் விபரங்களைப் பதிந்து கொள்வது. முகவரி, தொலைபேசி, படம், திறக்கும் நேரம். எம்மில் பலர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடையை மூடுகிறோம், நோன்பு மாதத்தில் நேரத்தை மாற்றுகிறோம். தளமோ காலை முதல் மாலை வரை திறந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். மாத்தறையிலிருந்து வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவார். விசேட நாட்களின் நேரத்தை முன்கூட்டியே பதியும் வசதி அதிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இணையத்தளத்தின் பெயரும் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்கின்றன என்று இன்றே விசாரியுங்கள். எமது தெருவிலேயே ஒரு கடையின் இணையப் பெயர், அதைச் செய்துகொடுத்தவரின் பெயரில் பதியப்பட்டிருந்தது. அவர் வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கும் திகதி கடந்தது. பல வருடங்கள் எழுதிச் சேர்த்த அத்தனையும் ஒரே காலையில் காணாமல் போனது. பெயரைக் கடையின் பேரிலோ உரிமையாளரின் பேரிலோ பதியச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை இரும்புப் பெட்டியில் கடை உறுதியோடு சேர்த்து வையுங்கள். புதுப்பிக்கும் திகதியை, காசோலைத் திகதிகளைக் குறித்து வைக்கும் அதே கலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள்.