உங்களுக்குத் தெரியுமா? பொத்தானுக்கு அடியில் சுழலும் கூம்பு

பிரிட்டன் நகரங்களில் சாலையைக் கடக்க நிற்பவர்கள் அழுத்தும் பொத்தான் பெட்டியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால், பல இடங்களில் விரல்நுனி அளவுக்கு ஒரு சிறு கூம்பு தட்டுப்படும். பச்சை மனித உருவம் எரியும்போது அது சுழலும். பார்வையற்றவர் அதன்மேல் விரலை வைத்துக் காத்திருப்பார்; சுழன்றால் கடக்கலாம். கூம்பு சொரசொரப்பாக இருப்பதால் அசைவு சட்டென்று தெரிந்துவிடும்.

1980களில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஏற்பாடு இது. தினமும் அந்தப் பொத்தானை அழுத்தும் பலருக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியாது என்பதுதான் வருத்தம்.

ஒலி எழுப்பினால் போதாதா? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடப்பிடங்கள் இருந்தால், அங்கே ஒலிப்பதை இங்கே ஒலிப்பதாக நினைத்து ஒருவர் சாலையில் இறங்கிவிடக்கூடும். உயிருக்கே ஆபத்தான குழப்பம் அது. கூம்போ தன்னைத் தொட்டிருக்கும் விரலுக்கு மட்டுமே சேதி சொல்கிறது. பார்வையோடு செவித்திறனும் இல்லாதவர்களுக்கும் அது உதவும்.

ஜப்பான் இதே குழப்பத்தை ஒலியாலேயே தீர்க்கப் பார்த்தது. அங்கே பல சந்திப்புகளில் ஒரு திசையில் கடக்கக் குக்கூப் பறவையின் குரல், குறுக்குத் திசைக்குக் குஞ்சுப் பறவையின் 'பியோ பியோ'. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதைக் காதே பிரித்தறிந்துவிடும்.

ஆஸ்திரேலியக் கருவிகளில் ஒலியோடு அதிர்வும் உண்டு. அங்கே கேட்ட படபடவென்ற சிக்னல் ஒலியைப் பதிவுசெய்த அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ், 2019இல் வெளியான தன் 'பேட் கை' பாடலில் அதைச் சேர்த்துக்கொண்டார்.