ஒருத்திக்கு எதுக்கு அவியல்?

பிள்ளைகள் வெளியூரில், நாகர்கோவில் வீட்டில் அம்மா மட்டும். "ஒருத்திக்கு எதுக்கு அவியல்?" என்று ரசம், ஊறுகாயோடு முடித்துக்கொள்கிறார். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார், பாருங்கள்.

தனியே சாப்பிடும் முதியவர்களுக்கு அளவும் குறையும், வகையும் குறையும். புரதச்சத்து போதாமல் தசை தளரும்.

அவியலோ சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், புடலை, தேங்காய், சீரகம் எல்லாம் சேர்ந்தது. ஒருவருக்கென்று வைக்கிற கறியே இல்லை அது!

பக்கத்துச் சாமிதோப்பில் 19-ம் நூற்றாண்டிலேயே அய்யா வைகுண்டர் பல சாதியாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். நமக்கு ஒரு இலை கூடப் போடுவதா கஷ்டம்?

கிண்ணத்தில் கொடுத்தனுப்பினால் மட்டும் போதாது. வாரம் ஒருநாளாவது, "வாங்கம்மா, சேர்ந்து சாப்பிடலாம்"னு கூப்பிடுங்க. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உண்டான்னு முதலில் கேட்டுக்குங்க. டி.வி.யை அணைச்சிடுங்க. பேச்சோடு பேச்சாக இன்னும் ஒரு கரண்டி உள்ளே போகும்!