தேய்ந்த நீரிறைக்கும் இஞ்சினை வீட்டில் திருத்துதல்

குத்தகைக் காணியில் வெங்காயம் நட்டிருந்த ஒரு குடும்பத்தினர், வலுவிழந்துபோன தமது நீரிறைக்கும் இஞ்சினை ஒரு திருத்தகத்திற்குக் கொண்டு சென்றனர். "சிலிண்டரைக் கடைய வேண்டும், பிஸ்டனும் மாற்ற வேண்டும்" என்று அங்கு சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்காகச் சங்கிலியை அடகு வைக்கப் புறப்பட்ட வேளையிலேதான் நாம் அவ்வீட்டிற்குப் போக நேர்ந்தது. இஞ்சினைத் திறந்து பார்த்தோம். பிஸ்டனில் குறையில்லை, புகை வெளியேறும் வால்வுதான் சரியாக மூடாதிருந்தது. சிறு டப்பா அரைக்கும் பசையும் அரை நாள் வேலையுமே தேவைப்பட்டன. ஆகவே, இஞ்சினைக் கழற்றுமுன் தேய்ந்தது எது என்று அறிந்துகொள்வதே முதல் வேலை.

இதற்குச் சைக்கிள் பம்பே போதும். பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை அமுக்க அடியின் உச்சிக்குக் கொண்டு வாருங்கள். அப்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும். பிளக் துவாரத்தில் இறப்பர்க் குழாயை இறுக்கிப் பொருத்திக் காற்றடித்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள். புகைக் குழாயில் இரைந்தால் புகை வால்வு; காபரேற்றரில் இரைந்தால் உள்ளெடுக்கும் வால்வு; ஒயில் ஊற்றும் வாயில் பலமாக இரைந்தால் றிங்குகள் அல்லது சிலிண்டர். றிங்குகளைத் தாண்டிச் சிறிது காற்றுக் கசிவது நல்ல இஞ்சினிலும் உண்டு. பிளக் துவாரத்தினுள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டு மீண்டும் அடித்துப் பாருங்கள். கசிவு குறைந்தால் தேய்வு றிங்குகளிலேயே. நீல நிறப் புகையும் ஒயில் படிந்த பிளக்கும் அதற்குத் துணைச் சாட்சிகள். கறுப்புப் புகை வேறு விடயம். அது எரிபொருள் மிகுதியாலோ அடைபட்ட காற்று வடியினாலோ வருவது.

வால்வு வேலை எளிது. வால்வின் விளிம்பில் பசையைச் சிறிதளவு தடவி, அதன் இருக்கையில் வைத்து முன்னும் பின்னுமாகச் சுழற்றி உரசுங்கள். சுற்றிவர முறியாத சாம்பல் நிற வளையம் தோன்றியதும் நிறுத்தலாம். பசை ஒரு துளியும் உள்ளே தங்கக்கூடாது. உரசியபின் வால்வு சற்றுக் கீழே இறங்குவதால் இடைவெளி குறையும். அதைச் சரிசெய்யாது பூட்டினால், சூடேறியதும் வால்வு மூடாது. பழைய கதையே தொடரும். ஹொண்டா ஜீஎக்ஸ் 160 இஞ்சினுக்கு, அது குளிர்ந்திருக்கையில் உள்ளெடுக்கும் வால்வில் 0.15 மி.மீ., புகை வால்வில் 0.20 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதில் திருகாணியால் சரிசெய்யலாம். வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் அமைந்த பல பழைய இஞ்சின்களிலோ தண்டின் நுனியைச் சிறிது சிறிதாக அரைக்க வேண்டும். கூடுதலாக அரைத்துவிட்டால் திரும்பாது.

றிங் தேய்ந்திருந்தால், புதிது வாங்குமுன் சிலிண்டரை அளவிட வேண்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு றிங்கைச் சிலிண்டரின் அடியில், பிஸ்டன் உரசாத இடத்தில் நேராக வைத்து, அதன் வாய் இடைவெளியைப் பீலர் தகட்டால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே றிங்கை, அதிகம் தேயும் மேற்பகுதியில் வைத்து மீண்டும் அளவுங்கள். இரண்டுக்குமிடையிலான வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் சிலிண்டர் எவ்வளவு அகன்றுள்ளது என்பது தெரியும். வித்தியாசம் அரை மி.மீ. எனில் தேய்வு ஏறத்தாழ 0.16 மி.மீ. ஆகும். 68 மி.மீ. விட்டமுள்ள மேற்சொன்ன இஞ்சினுக்கு எல்லை அதுதான். அதைத் தாண்டியிருந்தால், கடைச்சல் பட்டறையில் கடைந்து பெரிய அளவுப் பிஸ்டன் போடுவதைத் தவிர வழியில்லை. புதிய றிங்குக்குக் கொடுக்கும் காசு வீண். கனெக்டிங் றொட்டும் கிராங்கும் சேருமிடத்தில் கீறல் கண்டாலும் வீட்டு வேலை அத்துடன் முடிந்தது.

எல்லைக்குள் இருந்தால் வேலையைத் தொடரலாம். பிஸ்டனின் தவாளிப்புகளிலுள்ள கரியைப் பழைய றிங்குத் துண்டால் சுரண்டுங்கள். மினுங்கும் சிலிண்டர்ச் சுவரை நனைத்த அரத்தாளால் குறுக்கு மறுக்காக மெல்ல உரசுங்கள். பின்பு மண்ணெண்ணெயால் துடைத்தது போதுமென்று விட்டுவிடாதீர்கள். சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, வெள்ளைத் துணியில் அழுக்குப் படாத வரை துடைத்து, உடனே ஒயில் பூசுங்கள். புதிய றிங்குகளின் எழுத்துள்ள பக்கம் மேலே வரவேண்டும். வாய்கள் ஒரே நேரில் நிற்கக்கூடாது. கழற்றும்போதே பற்சில்லுகளின் புள்ளிகளையும் பிஸ்டன் பார்த்திருந்த திசையையும் கொப்பியில் வரைந்து வையுங்கள். நாம் ஒருமுறை நினைவை நம்பி, பூட்டிய இஞ்சினை மறுபடியும் முழுவதும் கழற்றினோம்.

இவ்வளவு தேய்வும் எங்கிருந்து வருகிறது? முதற்காரணம் புழுதி. காற்று வடி கிழிந்த இஞ்சினுக்குள் தோட்டத்து மண் அரைக்கும் பசையாகவே வேலை செய்கிறது. மற்றது மண்ணெண்ணெய். 1990 களில் எரிபொருள் தடை நிலவிய வேளையில், சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினோம். அன்று அதுவன்றி இறைப்பே இல்லை. ஆயினும் எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது. இன்றும் மண்ணெண்ணெயில் ஓட்டுவோர், இஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே மாற்றவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் பெற்றோலுக்குத் திரும்பவேண்டும். ஒயிலின் மட்டம் தானாக உயர்ந்தாலோ மண்ணெண்ணெய் மணம் வீசினாலோ உடனே ஊற்றிவிட்டுப் புதிது விடுங்கள்.

திருத்திய இஞ்சினை முதல் நாட்களில் முழு வேகத்தில் ஓட்டவேண்டாம். புதிய றிங்குகள் உரசிப் படியும்போது உலோகத் துகள் ஒயிலில் சேரும்; ஆகவே 20 மணித்தியாலம் ஓடியதும் அதை மாற்றிவிடுங்கள். கழித்த ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாது, போத்தலில் அடைத்து ஒதுக்கி வையுங்கள்.