இடைவெளியற்ற ஏடு

பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இராது. எங்குப் பிரிப்பது என அறிந்தவரே பொருளை அறிந்தார். நம் உயிரணுக்களிலும் அத்தகைய ஏடு ஒன்று இடையறாது படிக்கப்படுவதை இங்குக் காண்போம்.

மரபணுவின் செய்தியை ஏந்தி வருவது தூது ஆர்.என்.ஏ. அதன் எழுத்துகள் ஏ, யூ, ஜி, சி என்னும் நான்கே. ரைபோசோம் அவற்றை மும்மூன்றாகப் படிக்கிறது. நான்கு எழுத்துகளால் 64 மூவெழுத்துத் தொகுதிகள் அமையும். அவற்றுள் 61 தொகுதிகள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். வாசிப்பு 'ஏயூஜி' என்னும் தொகுதியில் தொடங்குகிறது. தொகுதி ஒவ்வொன்றுக்கும் உரிய அமிலத்தைக் கொண்டு சேர்ப்பது கடத்து ஆர்.என்.ஏ, இரு மொழியும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் அதுவே. இவ்வாறு கோக்கப்படும் அமிலச் சங்கிலியே புரதமாகிறது.

ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் ஓர் அமிலமே மாறும். எழுத்து விடுபட்டாலோ, அதன்பின் வரும் பிரிப்பு முழுவதும் பிறழக்கூடும். மலேசிய, சிங்கப்பூர்ச் சீனரிடையே பரவலாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மரபணுப் பிழைகளுள் ஒன்றில் நான்கு எழுத்துகள் விடுபட்டுள்ளன. நான்கு, மூன்றால் வகுபடாது. ஆதலால் பிரிப்புப் பிறழ்ந்து, சிறிது தொலைவிலேயே முற்றுப்புள்ளி வந்துவிடுகிறது. ஈமோகுளோபினுக்குரிய பீட்டா சங்கிலி உருவாவதில்லை. பிற இனத்தாரிடத்தும் வேறு பிழைகள் உண்டு.

இத்தகைய பிழையைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற நேரலாம். ஆகவே, திருமணத்திற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதை நாம் வலியுறுத்துகிறோம். ஏட்டின் பிழையை முன்னரே படித்தறிய இன்று நமக்கு இயலும்.